இடது பில்லர்

பிப்ரவரி 9, திங்கள்

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பன்னிரண்டே காலுக்கு வந்தது. அதற்குள் கேட்டுக்கும் பட்டறைக்கும் முப்பது நடை நடந்திருப்பேன். “உக்காருங்களேன்” என்று மனைவி சம்பூரணம் இரண்டு முறை சொன்னாள். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது.

வண்டியின் பெயர் வலசை. ஓசூரில் ஒரு புதுக் கம்பெனி செய்தது. ரோட்டில் கார். ஓடுதளத்துக்குப் போய் இறக்கையை விரித்தால் விமானம். இரண்டே சீட். தனியார் பைலட் லைசென்ஸ் வைத்திருக்கும் மூன்று பேரைப் பொறுக்கி, ஐந்து வாரம் சொந்த வண்டி போல வைத்துக்கொண்டு குறை நிறை சொல்லுங்கள் என்று கொடுக்கிறார்கள். ஐதராபாத்தில் ஒருவர், கொச்சியில் ஒருவர், நாமக்கல்லில் நான்.

வண்டியைக் கொண்டுவந்த எஞ்சினியர் ஃபர்சானா. முப்பது வயதிருக்கும், வாணியம்பாடிப் பெண். அவளும் பைலட். உட்காரும் அறை, கண்ணாடி, பில்லர் எல்லாம் அவள் வரைந்ததாம். லாரிக்கு பாடி கட்டுகிறவனை எதற்குப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். “அதுக்குத்தான் சார். குறை இருந்தா உங்க கண்ணுக்குத்தான் படும்” என்றாள். தினமும் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். படிவம் அவர்களுக்கு. இந்த நோட்டு எனக்கு.

பதினாலு வருடமாகப் பறக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் டிரைவர் செங்கோடன் காரில் சேலம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவான். கிளப் விமானத்தில் ஒரு மணி நேரம் பறப்பேன். அவன் காருக்குள் தூங்குவான். பிறகு வீடு. ஒரு மணி நேரப் பறத்தலுக்கு அரை நாள் ரோடும் காத்திருப்பும். இந்த வண்டி அதையெல்லாம் துடைத்துவிடும். நினைத்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

செங்கோடனிடம் அஞ்சு வாரம் பட்டறையைப் பார்த்துக்கொள் என்றேன்.

“ரோட்டுலயும் நீங்களேவா ஓட்டப் போறீங்ணா?”

“பின்னே?”

பதினாறு வருடம் என்னை ஓட்டிக்கொண்டு போனவன். கார் சாவியை மாட்டிவிட்டுப் போய்விட்டான். வேலை போகுமோ என்ற பயம் போலிருக்கிறது.

கண்ணுக்குச் சொட்டு விட்டாயிற்று. பட்டறைத் தூசி.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் ஓட்டம். சொந்த கேட்டிலேயே இடது பக்கம் உரசிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

காரணம் எனக்குத் தெரியும். விமானத்தில் பைலட் உட்காருவது இடது சீட். பதினாலு வருடப் பழக்கம். இந்த வண்டியில் ரோட்டுச் சட்டத்துக்காக ஸ்டீயரிங்கை வலது பக்கம் வைத்திருக்கிறார்கள். இடது பக்கம் முழுக்க வண்டியாக நீண்டு கிடக்கிறது. போதாததற்கு முன்கண்ணாடியைத் தாங்கும் இடது பில்லர் தடிமன். அதுதான் மறைக்கிறது. படிவத்தில் எழுதினேன்: ‘இடது பில்லர் பார்வையை மறைக்கிறது. மெலிதாக்க வேண்டும்.’

பிப்ரவரி 11, புதன்

லாரியாக இருந்தால் கீறலுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இது விமானம். கீறல் விழுந்தால் எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பறக்கக் கூடாது. ரோட்டில் பட்ட அடியெல்லாம் ஆகாயத்தில் கணக்காகிறது. இதை யாரும் யோசிக்கவில்லையா என்று படிவத்தில் கேட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

ஃபர்சானா நாளைக்குத்தான் வருவாளாம்.

பிப்ரவரி 14, சனி

இன்றைக்கு எழுத வேண்டும் என்று நினைத்தால் கை ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். சம்பூரணத்தைக் கூப்பிட்டேன். வரவில்லை என்றாள். “மானத்துல பறக்கப் பயமா?” என்று கேட்டேன். “அதில்லீங்க” என்றாள். வேறென்ன என்று கேட்க நேரமில்லை.

ஒவ்வொரு வேகத்தடையிலும் வாலை இடிக்காமல் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. ராசிபுரத்தில் டீக்கடையில் நிறுத்தினால் கூட்டம் கூடிவிட்டது. “இது நெசமாவே பறக்குமுங்களா?” என்று ஒருவர் இறக்கையைத் தட்டிப் பார்த்தார். தட்டாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. சேலம் விமான நிலையத்தில் அனுமதி எண் வர ஒரு மணி நேரம். கட்டுப்பாட்டு அறைக்காரர் மூன்று முறை கேட்டார்: “எந்த வகை விமானம்?”

ஆனால் எழும்பிய பிறகு அதெல்லாம் ஒன்றுமில்லை. நானூறு மீட்டர் கூட ஓடவில்லை, தரையை விட்டது. ஆத்தூர், பிறகு கல்வராயன் மலை, மலைக்குமேல் பஞ்சு மாதிரி இரண்டே மேகம். மேலே போனதும் கால் ஆடுவது நின்றுவிட்டது. எதிரில் வர ஒருவருமில்லை, ஒதுங்க ஓரமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. இறங்கும்போது ஓடுதளத்தின் இடது ஓரம் தெரியத் தலையை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. புது வண்டி, பழக வேண்டும்.

நாலு நிமிடத்தில் இறக்கை மடங்கியது. வாசலில் காவலாளி நோட்டைப் புரட்டி, “இந்த வண்டி உள்ள வந்ததாவே எழுதலையே சார், வெளிய எப்படி விடறது?” என்றார். மேலே கையைக் காட்டினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘வானத்திலிருந்து’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கடற்கரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போய் வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டுவிட்டு, மறுபடி விரித்து, மறுபடி பறந்து, நாலு மணிக்கு வீட்டு வாசலில் நின்றேன்.

இதற்காகத்தான் பிறந்தேனோ என்று தோன்றியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. இந்த எஞ்சினுக்கு ஆகாது. கம்பெனி கேனில் அனுப்புகிறது. கேன் வரும்வரை வண்டி காட்சிப் பொருள்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போயின.

பிப்ரவரி 19, வியாழன்

பனி. ஒன்பது மணிவரை எதிர்வீடு தெரியவில்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சம்பூரணம் காபியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோவையில் பழைய சினேகிதர் வீட்டு நிச்சயதார்த்தம். சம்பூரணமும் செங்கோடனும் காரில் வந்தார்கள். நான் வலசையில். பறந்தது முப்பத்தெட்டே நிமிடம். ஆனால் சேலம்வரை ரோடு, அனுமதி, கோவையில் இறங்கிய பிறகு சோதனை, ஊர் நெரிசல். நான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டிலிருந்து ஓடுதளம் பத்து நிமிடத்தில் இருப்பவனுக்குத்தான் இந்த வண்டி லாயக்கு. போகிற ஊரிலும் அப்படி இருக்க வேண்டும். படிவத்தில் எழுதியாயிற்று.

மண்டபத்தில் நிறுத்தும்போது இடது பக்கம் ஒரு பூந்தொட்டி உடைந்தது. வண்டிக்கு ஒன்றுமில்லை. மறுபடி பில்லர்.

பிப்ரவரி 25, புதன்

சாப்பாட்டு மேசையில் சம்பூரணம் தண்ணீர்ச் சொம்பை என் வலது பக்கமாக மாற்றி வைத்தாள். இத்தனை வருடமும் இடது பக்கம்தான் இருந்தது. ஏன் என்று கேட்டேன். “சும்மாதான்” என்றாள். சொம்பைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டுவிட்டேன்.

பைலட் மெடிக்கல் பரிசோதனைக்குத் தேதி வந்துவிட்டது. மார்ச் 17. வருடா வருடம் நடப்பதுதான். போன தடவை டாக்டர் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

செங்கோடன் வந்து நின்றான். “பக்கத்து சீட்டு காலியாத்தான இருக்குதுங்ணா. ஏர்போர்ட் வரைக்கும் நான் உக்காந்து வரேன்.”

“எதுக்கு?”

“எடது பக்கம் சொல்லிட்டு வருவேன்.”

“நான் என்ன லைசென்ஸ் எடுக்கறவனா?”

அவன் தரையைப் பார்த்தான். “ரெண்டு வருசமா சொல்லிட்டுத்தானுங்ணா இருக்கேன். படி இருக்குது, கல்லு இருக்குதுன்னு. நீங்க கவனிக்கல.”

போகச் சொன்னேன். இவனுக்கு வண்டியில் ஏற ஆசை. வேறொன்றுமில்லை.

மார்ச் 4, புதன்

இன்றைக்கு ஒரு விபத்து. நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணி. சேலம் போக ராசிபுரத்துக்கு முன்னால் உள்வழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் போகவில்லை. இரண்டு பையன்கள் பைக்கில் வேகமாக வந்து குறுக்கே நிறுத்தினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். “ஆளை இடிச்சுப்போட்டுக் கையா ஆட்டறீங்க?” என்றான் ஒருவன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் முன்னூறு அடி பின்னால் கூட்டம். ஓடினேன். ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. ரோடெல்லாம் முட்டை. ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. வலது மணிக்கட்டு வளைந்திருந்தது. சத்துணவு அமைப்பாளர், பெயர் நல்லம்மாள், பள்ளிக்கூடத்துக்கு முட்டை கொண்டுபோயிருக்கிறார். மடித்து வைத்த இறக்கையின் நுனி அவர் தோளில் தட்டியிருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். “திடீர்னு உள்ள வந்துட்டாங்க” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நல்லம்மாள், “நான் ஓரமாத்தான சார் போனேன்” என்றார். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

தட்டியது எனக்குத் தெரியவே இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

வெளியே போகவில்லை. பட்டறையில் வெல்டிங் சத்தம் தாங்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் அதைவிடத் தாங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ஃபர்சானா வந்தாள். வண்டியில் முன்னால் ஒரு கேமரா இருக்கிறது, அதில் பதிவானதை லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சம்பூரணம் பின்னால் நின்றாள்.

நேரான ரோடு. வெயில் பளிச்சென்று இருக்கிறது. தூரத்தில் மொபெட் தெரிகிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணை ஒட்டிப் போகிறது. பெரிதாகிறது. பச்சைப் புடவை, பின்னால் கட்டிய முட்டை அட்டைகள், எல்லாம் தெரிகிறது. பிறகு படத்தின் இடது ஓரத்தில் வெளியே போகிறது. ஒரு சின்ன அதிர்வு.

“பதினோரு செகண்ட் சார். பதினோரு செகண்ட் அவங்க முன்னாடியே இருந்திருக்காங்க” என்றாள்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“தப்பு என்னோடது சார். மூணு வாரமா நீங்க எழுதிட்டே இருக்கீங்க, இடது பில்லர் மறைக்குதுன்னு. மத்த ரெண்டு பேரும் எதுவும் சொல்லல. நீங்க உயரம், அதனால உங்களுக்கு மட்டும் மறைக்குதுன்னு நானா நெனச்சுக்கிட்டு விட்டுட்டேன். கேட்டிருந்தா அந்தம்மா கை உடைஞ்சிருக்காது.”

மூன்று வண்டியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை அவள் அறிக்கை கொடுக்க வேண்டும். வடிவமைப்புத் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறாள். அப்புறம் அந்தக் கம்பெனியில் இருக்க முடியாது என்று அவளாகவே சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. காபியைக் குடிக்காமல் போனாள். காருக்குள் போய் அழுதிருக்கிறாள். சம்பூரணம் கேட் அடைக்கப் போனபோது பார்த்தாளாம்.

மார்ச் 7, சனி

நடந்துகொண்டே இருந்தேன். மொட்டை மாடி, பட்டறை, கேட். வண்டிக்குள் உட்கார்ந்து இடது பில்லரையே பார்த்தேன். லாரி பாடிக்கு முப்பது வருடமாக பில்லர் வைக்கிறவன் நான். மூன்று விரல் அகலம். ஒரு மொபெட்டைப் பதினோரு வினாடி மறைக்கிற பில்லர் இல்லை அது.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் சொட்டு மருந்தைத் தேடினேன். குப்பி இருந்த இடத்தில் இல்லை. சம்பூரணம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தீர்ந்து ரெண்டு நாளாச்சுங்க. தூசி மருந்துன்னா மெடிக்கல்ல சொன்னா கொடுப்பாங்க. இதுக்குக் கோயமுத்தூர் டாக்டர் சீட்டு வேணுமாம்.”

“சீட்டு எங்கிட்ட இருக்குது.”

“தெரியும். டிசம்பர்லயே பாத்தேன். சட்டைப் பையில இருந்துச்சு. கொண்டுபோய் செங்கோடன் புள்ளைகிட்ட என்னன்னு படிச்சுச் சொல்லச் சொன்னேன். நரம்பு பாதிச்சிருக்குது, எடது கண்ணுல ஓரம் போயிருச்சு, வண்டி ஓட்டக் கூடாதுன்னு.”

“மூணு மாசமா ஏன் எங்கிட்டக் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதும் தப்புத்தான். நான் கேட்டிருந்தா அந்தப் பொம்பளை கை நல்லாருந்திருக்கும்.” குப்பியைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு வரலைன்னேனே, மானத்துல பறக்கப் பயந்தில்லீங்க. எனக்கு ரோட்டுலதான் பயம்.”

இந்த நோட்டிலும் நான் எழுதவில்லை. ஒருவரும் படிக்காத நோட்டு. இதில்கூடத் தூசி என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டால் பறக்க முடியாது என்று கை பயந்திருக்கிறது. இப்போது எழுதுகிறேன். எனக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா. இடது கண்ணில் இடப்பக்கம் கிடையாது, வலது கண்ணும் அந்தப் பக்கத்தை ஈடுகட்டவில்லை. இருட்டாகத் தெரிந்தால் தெரிந்திருக்கும். இருட்டும் தெரியாது. அங்கே ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். வானத்தில் ஒன்றுமே இல்லாததால் அங்கே நான் நல்ல பைலட். ரோட்டில் செங்கோடன் கண்ணால் இத்தனை நாள் போய் வந்திருக்கிறேன்.

மத்தியானம் ஃபர்சானாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  

“ரெண்டு நாளா நான் தூங்கல சார்” என்றாள். பிறகு, “எழுத்துல அனுப்புங்க” என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

செங்கோடன் ஓட்ட, ஸ்டேஷனுக்குப் போனேன். சொன்னதை மாற்றி எழுதிக் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர், “வக்கீலைக் கேட்டுட்டு வந்து எழுதலாமே சார்” என்றார். வேண்டாம் என்றேன். வழக்கு என் பெயருக்கு மாறும். ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அங்கிருந்து நல்லம்மாள் வீடு. கையில் மாவுக்கட்டு. இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கண் நோயைச் சொன்னேன், பதினோரு வினாடியைச் சொன்னேன், ஸ்டேஷனில் பொய் சொன்னதைச் சொன்னேன்.

“அப்ப நான் ஓரமாத்தான் போனேன்?”

“ஆமாங்க. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “அஞ்சு நாளா எல்லாரும் கேக்கறாங்க, ஏம்மா நடு ரோட்டுக்குப் போனேன்னு. எங்க வீட்டுக்காரரும் கேட்டுட்டாரு. நேத்துப் பூரா எனக்கே சந்தேகம் வந்திருச்சுங்க. ஒருவேளை போயிருப்பமோன்னு. அத்தனை பெரிய மனுசர் பொய் சொல்லுவாரான்னு.”

அவர் என் கண்ணைப் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“முட்டை உடஞ்சதுக்கு ஆபீசுல விளக்கம் கேட்டிருக்காங்க. நான் ஓரமாப் போனேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். அவர் வீட்டுக் காலண்டருக்குக் கீழே இருந்த பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஃபர்சானா ஒரு மெக்கானிக்கோடு வந்து வண்டியை லாரியில் ஏற்றினாள். அந்த லாரியின் பாடி நான் கட்டியதுதான் என்று ஏற்றும்போது தெரிந்தது. என்னிடம் வேலைக்கு வேண்டியது மட்டும் பேசினாள். அது நியாயம். கிளம்பும்போது கடைசிப் படிவத்தை நீட்டினாள். ‘தனியார் பைலட்டுக்கு இந்த வண்டி பயன்படுமா?’ என்ற கேள்விக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தது.

எழுதினேன்: ‘பறக்கும்போது இதற்கு இணை இல்லை. ஓடுதளம் பக்கத்தில் இருப்பவருக்கு, அவசரமில்லாதவருக்கு, பனி விலகக் காத்திருக்கத் தெரிந்தவருக்குப் பயன்படும். இடது பில்லரில் குறை எதுவும் இல்லை. விமானம் ஓட்டத் தெரிந்தால் போதாது, ரோட்டில் நடந்து போகிறவரைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை முதலில் வையுங்கள்.’

அங்கேயே நின்று படித்தாள். “அடுத்த பேட்ச்சுக்கு வைக்கறோம் சார்” என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

பைலட் மெடிக்கல் தேதி இன்று. வரவில்லை என்று காரணத்தோடு எழுதிப் போட்டுவிட்டுக் கோவை கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில்தான். சம்பூரணம் என் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

பார்வை வட்டம் அளக்கிற சோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார்கள். இருட்டு அறை. பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவிலிருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு வெளிச்சப் பொட்டு மின்னும். மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

டிசம்பரில் செய்ததையும் எழுதிவிடுகிறேன். மிஷின் பொட்டை நகர்த்தும்போதெல்லாம் உள்ளே ‘டக்’ என்று சின்னச் சத்தம் வரும். எஞ்சின் சத்தம் கேட்டே வளர்ந்த காது. பொட்டு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சத்தத்துக்கு அழுத்தினேன். அப்படி அழுத்தியும்தான் டாக்டர் ஓட்டாதீர்கள் என்றார்.

இன்றைக்குச் சோதனை செய்யும் பெண் என் வலது கண்ணை மூடிவிட்டு, “ஆரம்பிக்கலாமா ஐயா?” என்றாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் இரண்டு பொட்டு வந்தது, அழுத்தினேன். பிறகு ‘டக்’ என்றது. ஒன்றும் வரவில்லை. மறுபடி ‘டக்’. கட்டைவிரல் துடித்தது. மறுபடி. எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினாலு, பதினைந்து. “தூங்கிட்டீங்களா ஐயா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. முழிச்சுட்டுத்தான் இருக்கேன்” என்றேன். அழுத்தவில்லை.